காட்டில் தங்கிப் பிழைக்கும் கலையைக் குழுவாகக் கற்பது: எதை முதலில், எதைப் பிறகு?

ஒற்றையடி:
பத்துப் பேர் சேர்ந்து ஒரு கற்றல் குழு தொடங்குகிறோம். மாதம் ஒரு முழுப்பகல் வீதம் 6 மாதம், முடிவில் ஓர் இரவு வெளியே தங்கல். எல்லோரும் பெரியவர்கள். இருவருக்கு மலையேற்றப் பழக்கம் உண்டு, மற்றவர்கள் புதியவர்கள். பெரும்பாலான பாடத்திட்டங்கள் தீ மூட்டுவதில் தொடங்குகின்றன. அது சரியான வரிசைதானா? பத்துப் பேரும் கற்றுக்கொள்ள வேண்டும், இரண்டு பேர் செய்து எட்டுப் பேர் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. அதற்கு எப்படிப் பிரிப்பது? ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து கவனிக்கும் பயிற்சியைப் பலர் சொல்கிறார்கள். குழுவில் அதற்கு நேரம் ஒதுக்குவது வீணாகாதா?

விசில்:
முதல் நாள் தீ வேண்டாம். தொலைந்து போனால் என்ன செய்வது, கத்தி பிடிப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, இந்த மூன்றும்தான் முதல் நாள். காரணம் எளிது. அடுத்த 5 மாதமும் பத்துப் பேர் கூரான இரும்போடு புதருக்குள் கலைந்து நிற்கப் போகிறார்கள்.

தொலைவதற்கான பாடம் நான்கு சொல்: நில், நினை, நோக்கு, பிறகு திட்டமிடு. வழி தப்பியதாகத் தோன்றிய நொடியில் உட்கார்ந்துவிட வேண்டும். ஆளைத் தேடுவதைக் கடினமாக்குவது அவர் நடந்துகொண்டே இருப்பதுதான். ஒவ்வொருவர் கழுத்திலும் விசில் தொங்கட்டும், பைக்குள் இருக்கும் விசில் இல்லாததற்குச் சமம். மலைப்பகுதிகளில் வழங்கும் சர்வதேச ஆபத்துக் குறி: ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6. பதில் குறி நிமிடத்துக்கு 3. சில நாடுகளில் 3 ஊதலே ஆபத்துக் குறி. ஆகவே எது அழைப்பு, எது பதில் என்று உங்கள் குழு முதல் நாளே முடிவு செய்து எல்லோரையும் ஊதிப் பார்க்க வையுங்கள்.

நடக்கும்போது முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் நிலையாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 10 வரை எண். நின்ற இடத்திலெல்லாம் எண்ணை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். தலைவர் தலைகளை எண்ணுவது போதாது, ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிவிடுவது வெகு சுலபம்.

கத்தி: உட்கார்ந்துதான் செதுக்க வேண்டும். கையை நீட்டிச் சுற்றினால் யாரும் எட்டக் கூடாது, அந்த வட்டத்துக்குள் எவரும் வந்தால் கத்தி உறைக்குள் போகும். முழங்கால்களுக்கு நடுவே வைத்துச் செதுக்குவதைக் கண்டிப்பாகத் தடுங்கள். தொடையின் உள்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது. முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, கத்தி முழங்காலுக்கு வெளியே போகும்படி, அல்லது உடம்பின் பக்கவாட்டில் செதுக்கப் பழக்குங்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து நேராக அழுத்தி, 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருப்பது. 'நின்றுவிட்டதா' என்று நிமிடத்துக்கொரு தடவை தூக்கிப் பார்த்தால் உறைந்துவரும் ரத்தம் பிரிந்து மறுபடி கொட்டும். கை காலில் அழுத்தியும் நிற்காமல் பீய்ச்சினால்தான் இறுக்குக்கட்டு: காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் அல்ல, கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து. பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு கூடவே கூடாது. கீறுவது, உறிஞ்சுவது இரண்டும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது ஒன்றே வேலை.

இன்னொன்று: வாகனம் எங்கே நிற்கும், எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், கைபேசிக்கு எந்த இடத்தில் சிக்னல் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோர் பையிலும் வையுங்கள். ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அடிபடுவது அவராகவே இருக்கலாம்.

கூகை:
உட்காரும் பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள். மற்ற எல்லாவற்றையும் தனியாகவும் கற்கலாம். இது ஒன்றுதான் குழுவாகச் செய்தால் பத்து மடங்கு பலன் தருவது. ஏன் என்று விளக்குகிறேன்.

ஒருவர் காட்டுக்குள் நுழைந்ததும் பறவைகள் அடங்கிவிடும். பழைய நிலை திரும்ப ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதனால் 10 நிமிடம் உட்கார்ந்து 'ஒன்றுமே இல்லை' என்று எழுந்து வருகிறவர் கண்டது தன்னால் கலைந்த காட்டை மட்டுமே. குறைந்தது 40 நிமிடம் வையுங்கள். அதே ஆள், அதே இடம், ஒவ்வொரு மாதமும். மரத்தில் முதுகு சாய்த்து, உடம்பின் உருவம் தனியாகத் தெரியாதபடி.

எதைக் கேட்பது? பறவைக் குரல்களை ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள்: பாட்டு, கூட்டாளிக்கான சிறு கூப்பிடுகுரல், குஞ்சின் இரை கேட்கும் கத்தல், எல்லைச் சண்டை, அபாயக் குரல். முதல் நான்கும் காடு இயல்பாக இருப்பதன் அடையாளம். இனப்பெயர் ஒன்றுகூடத் தெரியாமலே இந்த வேறுபாட்டைப் பழகிவிடலாம். அபாயக் குரலிலும் வகை உண்டு. தரையில் பூனையோ பாம்போ, அல்லது கிளையில் அமர்ந்திருக்கும் ஆந்தையோ என்றால் பல சிறு பறவைகள் கூடி உரக்க, கரகரப்பாக, 'இதோ இங்கே' என்று காட்டிக்கொடுப்பது போல விடாமல் கத்தும். பறந்துவரும் வல்லூறு என்றால் மெல்லிய, கூர்மையான, எங்கிருந்து வருகிறதென்று பிடிக்க முடியாத ஒரு குரல், அடுத்து சட்டென்று நிசப்தம்.

இனி குழுவின் பங்கு. பத்துப் பேரை 50, 60 மீட்டர் இடைவெளியில் உட்கார வையுங்கள். தொடங்குமுன் எல்லோர் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குத் திருத்துங்கள். கேட்டதை நேரத்தோடு, திசையோடு குறிக்க வேண்டும். பிறகு ஒரு பெரிய தாளில் வடக்கைக் குறித்து, அவரவர் இடத்தைப் புள்ளியிட்டு, பேசாமல் முதலில் வரையச் சொல்லுங்கள். பேசவிட்டால் குரல் பெரிய ஆள் சொன்னதே எல்லோர் நினைவாகவும் மாறிவிடும். வரைந்த பிறகு பாருங்கள்: மேற்கே இருந்தவர் 7:10க்கு அணில் கத்தியதாக எழுதியிருப்பார். அவருக்கு 60 மீட்டர் கிழக்கே இருந்தவர் 7:12க்குச் சிட்டுகள் மேல்கிளைக்குத் தாவியதாக எழுதியிருப்பார். அடுத்தவர் 7:14. மூன்று துண்டும் சேர்ந்தால் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 2 கி.மீ.க்கும் குறைவான வேகத்தில், மேற்கிலிருந்து கிழக்கே தரையில் நடந்துபோயிருக்கிறது. எவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை! அந்தக் கோட்டின் வழியே நடந்து போய்க் கால்தடம் தேடுங்கள். தடம் படிக்கும் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

தடயம்:
கூகை சொன்னதை வழிமொழிகிறேன். தொடர்ச்சியாகத் தடம் பார்க்கும் பகுதி.

முதலில் 1 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் மண்ணைக் கொத்திச் சலித்துச் சமன்படுத்துங்கள். ஒருவர் நடப்பார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார், சுமையோடு நடப்பார். மற்றவர்கள் முதுகைக் காட்டி நின்றுவிட்டு, பிறகு வந்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். தலையைத் திருப்பினால்கூடத் தடத்தின் விளிம்பில் மண் சற்றுத் தள்ளப்பட்டிருக்கலாம். காலையில் ஒரு தடம் பதித்து, 2 மணி நேரத்துக்கு ஒன்றாக அதன் அருகிலேயே பதித்துக்கொண்டு வாருங்கள். விளிம்பு எப்படி உதிர்கிறது, உள்ளே எப்போது சருகுத் துகள் விழுகிறது என்பதை மாலையில் வரிசையாகப் பார்க்கலாம்.

வெளிச்சம்தான் பாதி வேலை. தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்க வேண்டும். காலையும் மாலையும் சாய்ந்த ஒளியில் பள்ளத்துக்கு நிழல் விழும். உச்சி வெயிலில் அதே தடம் கண்முன்னே இருந்தும் தெரியாது. அப்போது சிறு கண்ணாடியால் தரையோடு தரையாக ஒளியைத் திருப்பிவிடுங்கள்.

தடம் அறுந்துபோனால் கோல் முறை. ஏறக்குறைய 1 மீட்டர் கோலில், ஒரு குதிகாலுக்கும் அடுத்த குதிகாலுக்கும் உள்ள தூரத்தை ரப்பர் வளையத்தால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் தெரிந்த குதிகாலில் வளையத்தை வைத்து, கோலின் நுனியை முன்பக்கம் அரைவட்டமாக நகர்த்தினால் அடுத்த தடம் அந்த வளைவில்தான் இருக்கும். மூவர் மூவராகப் பிரியுங்கள். நடுவில் ஒருவர் தடத்தைப் பார்ப்பார், இருபுறமும் இருவர் முன்னே திரும்பும் வழிகளைக் கவனிப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், கண் அதற்குள் களைத்துவிடும். தடத்தின் மேல் யாரும் மிதிக்கக் கூடாது, அறுந்தால் கடைசித் தடத்துக்குத் திரும்ப அதுதான் துணை.

நாய்க்கும் பூனைக்குமான வேறுபாட்டில் 'நகம் தெரிந்தால் நாய்' என்பதோடு நிறுத்தாதீர்கள். ஈரமண்ணில் பூனை இனமும் நகம் ஊன்றும். விரல்களுக்கும் உள்ளங்கால் மெத்தைக்கும் இடையே பெருக்கல்குறி போடும்படி இடைவெளி இருந்தால் நாய் இனம். மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு இருந்தால் பூனை இனம்.

ஒற்றையடி:
கூகை, தடயம், மிக்க நன்றி. கடிகாரத்தைச் சரிப்படுத்தும் யோசனை எனக்குத் தோன்றியே இருக்காது. ஒரு சந்தேகம்: அஸ்தமனத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க, கையை நீட்டி அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களை எண்ணி, விரலுக்கு 15 நிமிடம் என்கிறார்களே, அதைக் கற்றுக்கொடுக்கலாமா?

தடயம்:
அப்படியே கொடுக்காதீர்கள், நிலநடுக்கோட்டுக்கு அருகே அது ஆபத்தான கணக்கு. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நீட்டிய கையில் ஒரு விரல் ஏறக்குறைய 2 பாகை. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் ஒரு விரல் என்பது 8 நிமிடம்தான். 15 என்று நம்பியவர் பாதி வழியில் இருட்டில் நிற்பார். அங்கே அந்தி வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும். 50 பாகை அட்சரேகைப் பக்கம் சூரியன் சாய்வாக இறங்குவதால் விரலுக்கு 12, 13 நிமிடம் வரும். மூடிய முட்டியின் அகலம் 10 பாகை. அதை அளவாக வைத்தால் பிழை குறையும்: நிலநடுக்கோட்டருகே ஒரு முட்டி 40 நிமிடம், 50 பாகையில் ஒரு மணி நேரம். கூகை அமர்த்திய இடங்களிலேயே ஒரு மாலை ஒவ்வொருவரும் தன் கையால் அளந்து, கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் தன் கணக்கைக் குறித்துக்கொள்ளட்டும். கை ஆளுக்காள் மாறும்.

கங்கு:
தீயைப் பின்னுக்குத் தள்ளியதில் எனக்கு வருத்தமில்லை, இரண்டாம் மாதம் சரியான இடம். ஆனால் கடைகோலை, அதாவது மரத்தை மரத்தோடு கடைந்து தீ உண்டாக்கும் கருவியை, எடுப்பதற்கு முன் லைட்டரைக் கொடுங்கள். லைட்டரால் ஈர விறகை எரிய வைக்கத் தெரியாதவருக்குக் கங்கு கிடைத்தும் பயனில்லை.

சோதனை இது: ஆளுக்கு ஒரே ஒரு தீக்குச்சி, 500 மி.லி. தண்ணீர், கொதிக்க வேண்டும். தனித்தனியாக, பக்கத்தவர் உதவி இல்லாமல். தோற்கும் காரணம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே: விறகு சேர்க்குமுன் பற்றவைப்பது. தீக்குச்சித் தடிமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் ஒரு கட்டு, கட்டைவிரல் தடிமனில் ஒரு அணைப்பு, இவை அருகில் அடுக்கியாகும்வரை தீக்குச்சியை எடுக்கக் கூடாது. தரையில் கிடப்பது ஈரம் குடித்திருக்கும். மரத்திலேயே காய்ந்து நிற்கும் சுள்ளியை ஒடியுங்கள். 'படக்' என்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்தால் ஈரம். ஈரத்தரையில் கட்டைவிரல் தடிமன் குச்சிகளைப் பாய்போலப் பரப்பி அதன்மேல் மூட்டுங்கள். மழை நாளில் மணிக்கட்டுத் தடிமன் கட்டையைப் பிளந்தால் நடுவில் காய்ந்த மரம் கிடைக்கும். அதைக் கத்தியால் நுனி பிரியாமல் சுருள் சுருளாகச் சீவினால் அதுவே பற்றும்.

கடைகோல் மூன்றாம் மாதம். வில், கோல், அடிப்பலகை, மேல்பிடி என நான்கு உறுப்பு. வில்லின் கயிற்றைக் கோலில் சுற்றி, மேல்பிடியால் கோலை அடிப்பலகையின் குழியில் அழுத்தி, வில்லை முன்னும் பின்னும் இழுத்துக் கோலைச் சுழற்றுவதுதான் முறை. கோல் 20 செ.மீ. நீளம், கட்டைவிரல் தடிமன், நேரானது. அடிப்பலகை 1.5 முதல் 2 செ.மீ. தடிமன். இரண்டும் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியும் மென்மையில், உயிரற்றுக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பால் பிசினோ நச்சோ உள்ள மரம் எது என்று தெரியாமல் எடுக்காதீர்கள், புகை முகத்துக்கு நேரே வரும். முதலில் குழியைக் கடைந்து கறுக்க வைத்து, பிறகு விளிம்பிலிருந்து குழியின் நடுவை எட்டும் எட்டாததுமாக, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, ஆப்பு வடிவில் வெட்டுங்கள். பொடி அங்கேதான் சேரும். வெட்டு அகலமாகிவிட்டால் பொடி சிதறிச் சூடு நிற்காது. ஒடுக்கமாகிவிட்டால் காற்று போகாது.

உடல் நிலை இன்னும் முக்கியம். வலக்கைக்காரர் இடது பாதத்தைப் பலகைமேல் வைத்து, மேல்பிடி பிடித்த இடது மணிக்கட்டை அதே காலின் முன்னெலும்போடு ஒட்டிவைக்க வேண்டும். கை தனியாக நின்றால் கோல் ஆடும், ஆடினால் குழியிலிருந்து எகிறும். வில்லின் முழு நீளத்தையும் இழுங்கள், அரை இழுவை வேண்டாம்.

தவறைப் பொடி காட்டிக்கொடுக்கும். வெளிர்பழுப்பும் நாரும்: அழுத்தம் அல்லது வேகம் குறைவு. கறுப்பாக, உருண்டை உருண்டையாக: அழுத்தம் அதிகம். கரும்பழுப்பு மென்பொடி புகைந்தால் சரி. கீச்சென்ற சத்தமும் பளபளத்த நுனியும் வந்தால் உரசும் முகம் மெருகேறிவிட்டது. சுரண்டிவிட்டுச் சிட்டிகை மணல் போடுங்கள். மேல்பிடி புகைந்தால் உங்கள் உழைப்பு தவறான முனைக்குப் போகிறது, அந்த முனையைக் கூராக்கி மெழுகு தடவுங்கள்.

கோலை நிறுத்திய பிறகும் பொடி தானே புகைந்தால் கங்கு பிறந்துவிட்டது. அப்போது அவசரப்பட்டு ஊதுவதுதான் பெரிய பிழை. அரை நிமிடம் சும்மா விடுங்கள், கையால் விசிறுங்கள், பொடி ஒட்டிக் கட்டியானதும் காய்ந்த நாரைப் பறவைக்கூடு போலச் சுருட்டிய நார்க்கூட்டுக்குள் மாற்றி, முகத்துக்கு மேலே தூக்கி நீளமாக ஊதுங்கள்.

குழுவுக்கு ஒரு வழி: முதல் தடவை இருவர் எதிரெதிரே அமர்ந்து வில்லின் இரு முனையையும் இழுக்கலாம். கங்கு எப்படி உருவாகிறது என்பதைப் பத்துப் பேரும் அன்றே பார்த்துவிடுவார்கள். ஆனால் 'எனக்கு வந்துவிட்டது' என்று சொல்ல, தான் வெட்டிய உறுப்புகளால், தனியாக, வேறொரு நாளில் மறுபடி வர வேண்டும்.

அணைப்பது: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையைச் சாம்பலில் வை. சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் தீப்பாடமே கிடையாது.

சருகுமெத்தை:
தங்கிடம் பற்றி. முதலில் 3×3 மீட்டர் தார்ப்பாய், இரண்டு முடிச்சு, 10 நிமிடத்தில் கட்டும் பழக்கம். அதன் பிறகே சருகுக் குடில்.

குடிலின் நடுக்கழி உங்கள் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு முனை இடுப்புயரக் கவைக்கம்பில், மறுமுனை தரையில். பக்கவாட்டில் கம்புகளை 45 பாகைக்குக் குறையாத சரிவில் சாய்த்து, சுள்ளியைப் பின்னி, மேலே சருகு. எவ்வளவு? புஜம் வரை கை புதைய வேண்டும், அதாவது 60 செ.மீ. அல்லது கூட. எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அழுத்திப் படுத்த பின்னும் 20 செ.மீ. நிற்கும் மெத்தை கீழே வேண்டும், தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே இடம் பெரிதாக வைத்தாலும் குளிரும், சூடாக்கும் அடுப்பு உங்கள் உடம்பு மட்டுமே. பகலில் உள்ளே ஊர்ந்து பாருங்கள். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் அங்கே மழை இறங்கும். அடுத்தவர் ஒரு வாளித் தண்ணீரை மேலே தெளித்துச் சோதிக்கட்டும்.

சருகைக் கையால் அள்ளாதீர்கள், கோலால் கிளறிவிட்டுத்தான் அள்ள வேண்டும். வெப்பமும் பூச்சியும் மிகுந்த காட்டில் இந்தக் குடிலே தவறான விடை. அங்கே தரையிலிருந்து உயர்த்திய படுக்கையும் மேலே தார்ப்பாயும்தான். பத்துப் பேர் பத்துக் குடில் கட்டினால் அந்தத் தரை மொட்டையாகிவிடும், அதனால் இரண்டு குடில் போதும், ஐவர் ஒன்று. முடிந்ததும் கலைத்துப் பரப்பிவிடுங்கள். இடம் தேர்வதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்: தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்கினால் வேறிடம். வறண்ட ஓடைப்படுகையும் வேண்டாம்.

தண்ணீரையும் இதோடு சேர்த்துவிடுங்கள். கலங்கலைத் தெளியவிட்டு, துணியால் வடித்து, கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். குளோரின் மாத்திரை சில ஒட்டுண்ணிகளைக் கொல்லாது. ரசாயனம் கலந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் நல்லதாகாது.

ஒற்றையடி:
எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. உண்ணத்தக்க செடிகளை எந்த மாதம் வைப்பது? உதட்டில் தடவி, பிறகு கொஞ்சம் மென்று பார்க்கும் படிப்படியான சோதனை முறை ஒன்றைப் படித்தேன்.

கூகை:
அந்தச் சோதனையைக் குழுவில் கற்பிக்கவே வேண்டாம். சில நச்சுகள் உதட்டில் எதுவும் காட்டாது, சிறிய அளவிலேயே உள்ளுறுப்பைக் கெடுக்கும். கேரட் குடும்பத்தில் உண்ணும் செடியும் உயிரைக் கொல்லும் செடியும் பார்வைக்கு அத்தனை ஒற்றுமை. காளானுக்கும் இதே பேச்சு. குழுவில் இன்னொரு ஆபத்து உண்டு: ஒருவர் உறுதியான குரலில் 'இது தெரியும்' என்றால் ஒன்பது பேர் சந்தேகத்தை விழுங்கிவிடுவார்கள். உணவின்றிப் பல நாள் தாங்கலாம், ஓர் இரவுப் பயிற்சியில் செடி தின்ன ஒரு தேவையும் இல்லை. ஆறு மாதத்தில் ஐந்து செடிகளை மட்டும், முளை, இலை, பூ, காய், காய்ந்த தண்டு என எல்லாப் பருவத்திலும் வரைந்து கற்கட்டும். தின்பது பாடத்தில் இல்லை.

ஒற்றையடி:
புரிந்தது, எடுத்துவிட்டேன். திருத்திய வரிசை: முதல் மாதம் பாதுகாப்பு, கத்தி, விசில். இரண்டாவது விறகும் ஒற்றைத் தீக்குச்சியும். மூன்றாவது கடைகோல். நான்காவது தடம். ஐந்தாவது தார்ப்பாய், குடில், தண்ணீர். ஆறாவது எல்லாம் சேர்த்து, அன்றிரவே தங்கல். ஒவ்வொரு நாளும் காலை முதல் 40 நிமிடம் உட்காரும் இடம், பிறகு வரைபடம்.

விசில்:
நல்ல வரிசை. இரவுக்கு மூன்று சேர்க்கை. மலம் கழிக்கும் இடம் நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால், குழி 15 முதல் 20 செ.மீ., அந்த வழியை வெளிச்சத்திலேயே கயிறு கட்டிக் குறித்துவிடுங்கள். இருட்டில் எழுந்து போகிறவர் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தொட்டுத் தன் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய், வந்ததும் மறுபடி சொல்ல வேண்டும். கண் இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது, ஒரு வெள்ளை டார்ச் நொடியில் அதைக் கெடுக்கும். ஆகவே முகாமுக்குள் மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும், வெள்ளை டார்ச் காயத்துக்கும் பாம்புக்கும். அந்த வெள்ளை டார்ச் எந்த மரத்தில், எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதைப் பத்துப் பேரும் கண்ணை மூடி ஒரு தடவை தொட்டுக் காட்டிய பிறகு படுக்கப் போகட்டும்.